சுவர் இல்லை என்று கையெழுத்துப் போட்டவர்கள்

நெல்வாய்க்கோட்டை நகராட்சி ஆணையர் கோதண்டபாணி, கம்மாக்கரைத் தெருவின் குறுக்கே நின்ற சுவரை இடித்துத் தள்ளியாகிவிட்டது என்று ஹைகோர்ட்டில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே, அந்தச் சுவரிலேயே போய் நெற்றி முட்டி மல்லாக்க விழுந்தார். ஜீப்பை விட்டு இறங்கினவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு, எதிரே வெட்டவெளி கிடக்கிறது என்ற நினைப்பில் கை வீசி நடந்தார். இரண்டாள் உயரத்துக்கு எழும்பி, சிமெண்டு பூசி, உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்து நின்ற சுவர் அவரை மொத்தென்று வாங்கித் திருப்பி அனுப்பியது.

"யாருய்யா என்னைத் தள்ளுனது?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டார்.

"சுவர் சார்," என்றார் டிரைவர்.

"எந்தச் சுவர்?"

டிரைவர் சுவரைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார், ஜீப் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தச் சுவரின் நிழலில் அடுப்பு மூட்டிக் கடலை அவித்துக்கொண்டிருந்த சந்தனமாரி இதையெல்லாம் கரண்டியும் கையுமாகப் பார்த்தாள். ஆணையர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு மறுபடி நடந்து மறுபடி முட்டியபோது, அவளுக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்கமாட்டாளா பின்னே, வழக்குப் போட்டவளே அவள்தான்.

சுவரை எழுப்பியது தெருவுக்கு அந்தப்புறம் புதுசாக முளைத்த சீர்வளம் நகர்க்காரர்கள். மனையை வாங்கி, வீட்டைக் கட்டி, பால் காய்ச்சிக் குடியேறின கையோடு, காலனி ஜனங்கள் தங்கள் வாசல் வழியாக நடந்து போகிறார்களே என்று அவர்களுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் எரிந்தது என்று விளக்க வேண்டியதில்லை, நெல்வாய்க்கோட்டையில் பிறந்த யாருக்கும் அது தெரியும். கேட்டால் திருட்டுப்பயம் என்றார்கள். தெருவோ காலங்காலமாக நகராட்சித் தெரு, பஸ் ஸ்டாப்பும் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் அந்தப்பக்கம், காலனி இந்தப்பக்கம், நடுவிலே சுவர். காலனிக்காரர்கள் இனிமேல் கம்மாய்க் கரைமேல் ஏறி, படி இறங்கி, ரயில்வே கேட்டைச் சுற்றித்தான் ஊருக்குள் போகவேண்டும். கால் நன்றாக இருக்கிறவர்கள் அப்படியும் போனார்கள். சந்தனமாரியின் மகள் பூமயிலுக்குச் சின்ன வயசுக் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போனது. கையால் சுழற்றுகிற மூன்று சக்கர வண்டியில் மெயின்ரோட்டுத் தையல் கம்பெனிக்குப் போய்ச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், சுவர் வந்த நாளிலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்தாள். வண்டி படி ஏறுமா? ஜீப் போகிற பைபாஸ் ரோட்டைச் சுற்றி அத்தனை மைல் கையால் சுழற்றத்தான் முடியுமா? உட்கார்ந்த மகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் சந்தனமாரி கோர்ட்டுப் படி ஏறினாள்.

கோர்ட்டு சுவரை இடிக்கச் சொன்னது. நகராட்சி அந்த உத்தரவை வாங்கி அடியில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சந்தனமாரியின் வக்கீல் இருதயமேரி, ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நாலு விஷயம் பேசி முடிக்கிற பெண், "விடக்கூடாதுக்கா, கன்டெம்ப்ட் போடுவோம்" என்றாள். கோர்ட்டு சொன்னதைச் செய்யாதவனைக் கோர்ட்டுக்கே இழுத்து வந்து, ஏன்யா செய்யவில்லை, உனக்கு எங்கள்மேல் மரியாதை இல்லையா என்று கேட்கிற வழக்கு அது. நாற்காலியின்மேல் போடுகிறதில்லை, ஆளின்மேல் பெயர் சொல்லிப் போடுகிறது. அதனால்தான் அதிகாரிகளுக்கு அதைக் கண்டால் பயம்.

பயந்தாலும் அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாய்தாவுக்கு முதல்நாள், உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டது என்று ஒரு பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்துவிடுவார்கள். முதல் பாராவில் நிபந்தனையற்ற மன்னிப்பு, இரண்டாம் பாராவில் எல்லாம் ஆகிவிட்டது, மூன்றாம் பாராவில் வழக்கை முடித்து வைக்கவும். வேலையை அப்புறம் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம், அல்லது செய்யாமலும் இருக்கலாம். அந்த ஆபீசில் தோண்டாத கிணறும் போடாத ரோடும் நடாத மரமும் இப்படித்தான் வருஷக்கணக்காகச் சௌக்கியமாக இருந்து வந்தன. கோதண்டபாணி கையெழுத்துப் போட்டார், தலைமை எழுத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், நகராட்சி வக்கீலும் போட்டார். சுவர் இடித்த அன்று வேலைக்கு வந்ததாகத் துப்புரவுப் பணியாளர்கள் அத்தனை பேரிடமும் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கியாயிற்று. எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, சுவரை எடுத்துவிட்டார்கள் என்று சீர்வளம் நகர்க்காரர்களும் உள்ளுக்குள் சிரித்தபடி ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். போட்டவர் எல்லோருடைய கண்ணிலிருந்தும் அன்றைக்கே சுவர் போய்விட்டது. நெற்றியிலிருந்து மட்டும் போகவில்லை.

இத்தனை காலம் இல்லாமல் இந்தத் தடவை மட்டும் ஏன் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிறோம், ஏன் பெய்தாய் என்றா கேட்கிறோம்? மறுநாள் காலையிலேயே டீக்கடை சீனிச்சாமி சுவர் ஓரமாக ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துவிட்டார். ஆபீஸ்காரர்கள் வந்து முட்டுவார்கள், பற்றுப் போட்டுக்கொள்வார்கள், ஒரு டீ குடிப்பார்கள், போவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரிசையாக உட்கார்ந்து, இன்றைக்கு எழுத்தர் முட்டுவாரா வக்கீல் முட்டுவாரா என்று பந்தயம் கட்டினார்கள். அந்தப்பக்கம் சீர்வளம் நகரில் பெண் பார்க்க வந்த இடத்தில் வீட்டுக்காரரே காரைப் பின்னால் எடுத்து வெறும் காற்றில் மோதி நசுக்கிக்கொண்டார் என்றும், வந்த மாப்பிள்ளை வீட்டார் காபி குடிக்காமலே திரும்பிவிட்டார்கள் என்றும் பேச்சு வந்தது. கையெழுத்துப் போடாத யாரோ புத்திசாலி சுவரில் ஆணி அடித்து ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டார். போட்டவர்களுக்கு அது அந்தரத்தில் ஆடுகிற துணியாகத் தெரிந்து, பயந்துபோய் தேங்காய் உடைத்தார்கள்.

"இடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே சார்?" என்று டிரைவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"இல்லாத சுவரை எப்படிய்யா இடிக்கச் சொல்லி ஆர்டர் போடுறது?" என்றார் கோதண்டபாணி, புடைப்பைத் தடவிக்கொண்டு. "இடிச்சா இருந்துச்சுன்னு ஆயிருமே. பொய்ச் சத்தியம்னு என்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்களே."

அந்த மனுஷனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்தது, பயம் இருந்தது. ஆனால் பயந்தவன் கையில் அதிகாரம் இருந்தால் அவன் யாரை விடுவான்? வழக்குப் போட்டவளும் காலனி ஜனங்களுமே, எங்களுக்குத் திருப்தி, சுவர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கோர்ட்டு வழக்கை மூடிவிடும் என்று நகராட்சி வக்கீல் யோசனை சொன்னார். அப்புறமென்ன, காலனிக்குள் ஜீப் வந்து வந்து போனது. இந்த வீட்டுக்குக் குடிநீர்க் குழாய், அந்த வீட்டுக்குத் தொகுப்பு வீடு, கோயில் கொடைக்கு மைக்செட் அனுமதி. குழாய் கேட்டுப் பத்து வருஷம் அலைந்தவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட மறுநாள் காலையில் ஒவ்வொருத்தராக முட்டினார்கள்.

இதிலே வேடிக்கை போய் வேதனை வந்தது இப்படித்தான். ஆபீஸ்காரர்கள் முட்டினால் முட்டிவிட்டோம் என்றாவது தெரிந்தது. காலனிக்காரர்களோ தங்களையே குறை சொல்லிக்கொண்டார்கள். தலைசுற்றல் என்றார் ஒருவர், சர்க்கரை என்றார் இன்னொருவர், கண்ணேறு பட்டுவிட்டது என்று ஒருத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். ஒரு வீட்டில் புருஷன் கையெழுத்துப் போட்டவன், பெண்டாட்டி போடாதவள். அவள் கையைப் பிடித்து நிறுத்த, அவன் விடுடி என்று உதறிவிட்டுப் போய் முட்ட, சாயங்காலம் அவளும் போய்ப் போட்டுவிட்டு வந்தாள், குடும்பத்தில் சண்டை வேண்டாம் என்று. கடைசியில் ஊரே நெற்றியில் பற்றோடு திரிந்தது, சுவர் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை, எல்லோரும் பேசாமல் கம்மாய்க் கரையைச் சுற்றிப் போனார்கள், ஏன் சுற்றுகிறோம் என்று கேட்டால் பழகிப்போச்சு என்றார்கள்.

காலனிச் சங்கத் தலைவர் கருத்தபாண்டி, முதல் வழக்குக்கு மதுரை வரை கூடவே வந்து நின்றவர், சந்தனமாரியின் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மதினி, ஊரே நிம்மதியா இருக்கு. இல்லாத சுவத்துக்கு எதுக்குக் கோர்ட்டு, கேஸு? ஒரு கையெழுத்தப் போட்டு முடிச்சு விடுங்களேன்."

"எதுமேல சாஞ்சுக்கிட்டுப் பேசுறீக கொழுந்தனாரே?" என்றாள் சந்தனமாரி.

கருத்தபாண்டி தன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கையில் சிமெண்டுப் பூச்சு தட்டியது. பிறகு விருட்டென்று எழுந்து, "எனக்கு ரத்தக்கொதிப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சந்தனமாரிக்கு வந்ததே ஒரு கோபம். வார்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கி, "கோர்ட்டுலயே பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்து இங்க குழாய் குடுக்குறானுக, வெக்கமா இல்ல? சுவரு இருக்கு! இருக்கு! இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நகராட்சி இதற்காகவே காத்திருந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பொய்யைப் பரப்பி நீதிமன்றத்தின் மாண்பைக் குலைத்தாள் என்று அவள்மேல் திருப்பி ஒரு கன்டெம்ப்ட் போட்டார்கள். சுவர் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவள் கோர்ட்டை மதிக்காதவள் ஆனாள். நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இருதயமேரி பதில்மனுவோடு வந்தாள். "பயப்படாதீங்கக்கா, உடைச்சிரலாம். இங்க ஒரு கையெழுத்து."

"மொதல்ல என்ன எழுதியிருக்கு, வாசிங்க."

"அது எல்லாரும் போடுறதுதான். 'முதற்கண் எனது நிபந்தனையற்ற மன்னிப்பைக் கோருகிறேன்.' மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் மறுக்கணும், அதான் முறை. கேட்டா ஜட்ஜு மனசு இளகும், கேக்கலைன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம்."

"நான் தப்புப் பண்ணலையே."

"பண்ணலைதான்."

"பண்ணாததைப் பண்ணுனேன்னு எழுதிச் சத்தியம் பண்ணினா என் கண்ணும் போயிரும் வக்கீலம்மா. இந்தக் காலனியில அதைப் பாக்குறதுக்கு நானும் எம் மகளுந்தான் மிச்சம். அந்தப் பாராவ அடிங்க."

எத்தனை பேருக்கு அந்த முதல் பாராவைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று இருதயமேரி நினைத்தாளோ என்னவோ, தன் நெற்றியைத் தானே ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து அந்தப் பாராவைக் குறுக்கே அடித்தாள்.

வாய்தாவுக்கு முந்தின நாள் கோதண்டபாணியே வீடு தேடி வந்தார். வாசல் நிலையில் முட்டிவிடுவோமோ என்று கையை முன்னால் நீட்டிக்கொண்டே நுழைந்தார், அப்படி ஆகிப்போயிருந்தது அவர் பிழைப்பு.

"இந்தாம்மா, வம்பு வேணாம். உம் பொண்ணுக்கு நகராட்சி ஆபீஸ்லயே வேலை போட்டுத் தரேன். உக்காந்த எடத்துல கம்ப்யூட்டர் வேலை. ஒரே ஒரு கையெழுத்து."

பொய் சொல்வானேன், சந்தனமாரியின் மனசு ஆடிப்போனது. எந்த மகளுக்காக இத்தனை பாடுபட்டாளோ அந்த மகளுக்குத்தான் வேலை என்கிறார். அவள் கை தானாகச் சேலை முந்தானையை முறுக்கியது, கண் மகளைப் பார்த்தது.

பூமயில் வண்டியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "உங்க ஆபீஸு எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். "சுவத்துக்கு அந்தப்பக்கந்தானே? அம்மா கையெழுத்துப் போட்டுட்டா நான் எப்படி வேலைக்கு வர்றது, பறந்தா?"

ஆணையர் திரும்பி நடந்தார். போகும்போது நிலையில் முட்டிக்கொண்டார்.

கோர்ட்டில் இரண்டு கன்டெம்ப்டையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் கோதண்டபாணி, எழுத்தர், வக்கீல். இன்னொரு பக்கம் சலவைச் சேலை கட்டிக்கொண்டு சந்தனமாரி. நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேட்டால் இத்தோடு முடித்துவிடலாம். என்னம்மா சொல்றீங்க?"

"கேக்கமாட்டேங்கய்யா."

இருதயமேரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சந்தனமாரி நீதிபதியை நேராகப் பார்த்தாள்.

"உங்க உத்தரவ நான் மதிச்சேங்கய்யா. மதிச்சதாலதான் நடக்கலையேன்னு வயித்தெரிச்சல்ல கத்துனேன். மதிக்காதவுக மொதப் பாராவுலயே மன்னிப்ப எழுதிட்டு நிம்மதியா நிக்கிறாக. ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன், அங்க போயும் சுவரு இருக்குன்னுதான் சொல்லுவேன். என்னை நம்பவேணாம். அவுக நெத்தியப் பாருங்கய்யா."

நீதிபதி பார்த்தார். ஆணையர் நெற்றியில் கொய்யாக்காய் அளவுக்குப் புடைப்பு. எழுத்தர் நெற்றியில் மஞ்சள் பற்று. நகராட்சி வக்கீல் நெற்றியில் பிளாஸ்திரி.

"என்ன அடி இது?"

"ரத்த அழுத்தம், மை லார்ட்," என்றார் நகராட்சி வக்கீல்.

"மூன்று பேருக்கும் ஒரே இடத்திலா?"

பின்வரிசையில் யாரோ ஒரு ஜூனியர் வக்கீல் சிரித்துவிட்டு இருமினான். நீதிபதி சிரிக்கவில்லை. அந்த அம்மாவின்மேல் போட்ட மனு தள்ளுபடி என்றார். பிறகு ஆணையரைப் பார்த்து, சுவர்தான் இல்லையே, நாளைக்குக் காலையில் நீங்கள் மூவரும் அந்தத் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து காட்டுங்கள், நடந்துவிட்டீர்கள் என்று இந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் உங்களை எங்கே அனுப்புவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

விடிந்தும் விடியாமலும் கம்மாக்கரைத் தெருவில் கடப்பாரையும் சம்மட்டியும் வந்து இறங்கின. ஆனால் இடிக்கிறவர்கள் யார்? ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட அதே பணியாளர்கள்தான். ஒருத்தர் கண்ணுக்கும் சுவர் தெரியவில்லை. ஓங்கின சம்மட்டி எங்கே படும் எங்கே தவறும் என்று தெரியாமல் ஆளாளுக்குக் காற்றைத் தடவிக்கொண்டு நின்றார்கள். வந்தவர்களில் டிரைவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ ஜீப்பைவிட்டு இறங்கவே இல்லை. ஆணையர் சந்தனமாரியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் பூமயில் வண்டியோடு. "கொஞ்சம் இடதால வாங்க. ம், அங்கதான். அடிங்க!" என்றாள்.

அடித்தார்கள். செங்கல் பெயர்ந்து விழுந்த பிறகுதான் அவர்கள் கண்ணுக்கு அது செங்கலாகத் தெரிந்தது. வெறும் காற்றிலிருந்து கல்கல்லாக உதிர்ந்து காலடியில் குவிவதைப் பார்த்ததும், வேடிக்கை பார்க்க வந்த காலனி ஜனத்துக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷக் குழாய்க்காரி ஓடிவந்து ஒரு செங்கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "அடப்பாவிகளா, எனக்குச் சர்க்கரைன்னுல்ல நெனச்சேன்" என்று மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். கருத்தபாண்டி பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஒருத்தன் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கினார். "மதினி, எங்க அடிக்கணும் சொல்லுங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"உங்க வலது தோளுக்கு நேரா, கொழுந்தனாரே."

அதற்கப்புறம் ஒருத்தரும் சும்மா நிற்கவில்லை. கண்ணாடிச் சில்லு பொடிந்தது, சிமெண்டு உதிர்ந்தது, அந்தப்பக்கம் சீர்வளம் நகர் மாடிகளில் தலைகள் எட்டிப்பார்த்தன, பார்த்துக்கொண்டே நின்றன. சந்தனமாரி மேலே என்றால் மேலே அடித்தார்கள், கீழே என்றால் கீழே அடித்தார்கள். உச்சி வெயில் ஏறும்போது தெருவில் காற்று குறுக்கே வீசியது. ஆணையர் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, நெற்றியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அடி அடியாக நடந்தார். முட்டவில்லை. இன்னும் நடந்தார். மறுமுனைக்குப் போய்த் திரும்பி நின்று, சின்னப்பிள்ளைபோல விம்மி அழுதார்.

எழுத்தர் பேனாவைத் திறந்து காகிதத்தோடு ஓடிவந்தார். "போட்டுருங்கம்மா. ஆயிருச்சு."

சந்தனமாரி பேனாவைத் தொடாமல் தெருவைப் பார்த்தாள். அஸ்திவாரத்தின் கடைசி வரிசை தெருவின் குறுக்கே நாலு விரற்கடை உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. நடக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடலாம். தாண்டினோம் என்றே தெரியாமல் தாண்டலாம்.

"இன்னும் இருக்கு," என்றாள்.

"ஒரு வரிசைதானேம்மா," ஆணையர் மூச்சுவாங்க ஓடிவந்தார். "ஆளுகளெல்லாம் களைச்சுப் போயிட்டாங்க. சத்தியமா நாளைக்கு எடுத்துர்றோம். இப்போதைக்கு எல்லாம் ஆயிருச்சுன்னு போட்டு மட்டும் குடுத்துரு தாயி."

அவள் பதில் சொல்வதற்குள் பூமயில் வண்டியைச் சுழற்றிக்கொண்டு தெரு நடுவுக்குப் போனாள். முன்சக்கரம் அந்த வரிசையில் டக்கென்று இடித்து நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். தெருவே அந்தச் சக்கரத்தைப் பார்த்தது. அவர்கள் கண்ணுக்கு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அது நின்றது.

சந்தனமாரி எழுந்தாள். ஓரமாகக் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து ஆணையர் கையில் திணித்தாள்.

"எம் மக சக்கரம் நிக்கிற எடந்தான் ஐயா," என்றாள். "குனிஞ்சு தோண்டுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."